வெள்ளை வட்டத்தின் பின்னால்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்திருநகரிக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை நான் கிளம்பியது பழைய ராணுவ லாரி ஒன்றில். ஏலத்தில் எடுத்து, செல்லத்துரையின் பட்டறையில் பதினான்கு மாதம் போட்டு உயிர் கொடுத்த மூன்று டன் வண்டி. தினமும் ஏரல் பக்கம் வாழைத்தார் ஏற்றி ஓட்டத்தான் வாங்கினேன். "வாழைத்தாருக்கு எதுக்கு பீரங்கி வண்டி?" என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

பகல் 12.10. மூவாயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டாயிற்று. கடைசியாக ஒருமுறை வண்டிக்கு அடியில் புகுந்து வந்த செல்லத்துரை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, அந்த வட்டத்துல கறுப்பு அடிச்சிருதேன். ரெண்டே நிமிசம்."

ராணுவ வண்டிகள் இருட்டில் விளக்கில்லாமல் வரிசையாகப் போவதற்கான ஏற்பாடு அது. பின் அச்சின் நடுவிலுள்ள இரும்பு உருண்டையில் ஒரு வெள்ளை வட்டம். அதன்மேல் மட்டும் வெளிச்சம் விழும்படி ஒரு சின்ன பல்பு. பின்னால் வருகிற டிரைவர் அதைப் பார்த்து வந்தால் போதும், வேறெதையும் பார்க்க வேண்டாம். செல்லத்துரை கழற்றிப் போட்டிருந்ததை நான்தான் சண்டை பிடித்துத் திரும்ப மாட்டச் சொன்னேன். சாவி போட்டாலே எரியும்.

"பின்னால வாரவன் கண்ணு அதுலயே நின்னுரும் அண்ணாச்சி. ரோட்டு வண்டிக்கு இது ஆவாது."

"மிலிட்டரி வண்டின்னா எல்லாம் இருக்கணும்வே" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நண்பகலிலேயே விளக்குப் போடும்படி இருட்டி விட்டது. முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு வேன், இரண்டு பைக், ஒரு பஸ். எதிரே ரோடு காலியாகத்தான் கிடந்தது. கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னேன். ஒருவரும் முந்தவில்லை. நம் ஊர் பஸ்காரர் ஹார்ன் அடிக்காமல் பொறுமையாக ஒரு லாரியின் பின்னால் வந்து நான் பார்த்ததே இல்லை.

12.50, வீரவநல்லூர். டீ குடிக்க ஓரம் கட்டினேன். அத்தனை வண்டியும் எனக்குப் பின்னால் ஓரம் கட்டின. யாரும் இறங்கவில்லை. மழை துடைப்பான்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக, தூக்கம் கலைந்தவர்கள் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள்.

டீக்கடைக்காரர் பன்னிரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாரு தவறிட்டாவ அண்ணாச்சி?"

"யாருமில்லையே. ஏன்?"

"இல்ல, இத்தனை வண்டி சத்தங்காட்டாம பின்னால வந்துச்சே. கேதத்துக்குப் போறியளோன்னு நெனச்சேன்."

அப்போதே அந்த பல்பைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

1.40. சேரன்மகாதேவி தாண்டி ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. நாலைந்து பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வயல் வழியே ஒரு பாதை போகிறது. இடையில் ஓடைமேல் தரைப்பாலம். பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும் என்று தெரியும். இந்த உயரத்து வண்டிக்கு அதெல்லாம் ஒரு தண்ணீரா என்று திருப்பினேன்.

பாலத்தின் நடுவுக்கு வந்தபோது கண்ணாடியைப் பார்த்தேன். தாழ்வாக இரண்டு விளக்குகள். ஒரு சின்னக் கார். சரிவில் இறங்கி, நிதானமாக, தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தது.

நான் போனால் அதுவும் வரும். இந்தத் தண்ணீர் வரத்து அதை அப்படியே புரட்டி ஓடைக்குள் தள்ளிவிடும். பிரேக்கை மிதித்தேன். அதுவும் பாலத்தின் முனையிலேயே, சக்கரம் பாதி நனைய நின்றது.

எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுத்தது. வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தேன். அடியில் அந்த வட்டம் பாதி மூழ்கியிருந்தது. மேல்பாதி பளிச்சென்று தெரிந்தது. கீழ்ப்பாதி செந்தண்ணீருக்குள் மங்கலாக எரிந்தது. எனக்கே அதிலிருந்து கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

காருக்குள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, லாரிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தட்டலுக்குத்தான் கண்ணாடி இறங்கியது.

"ஏம்மா, தண்ணி தெரியலையா?"

"தண்ணியா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. "நான் ரோட்டையே பாக்கலண்ணாச்சி. அந்த வட்டம் போவுது, நானும் போறேன். வேற ஒண்ணுமே தோணல."

திரும்பி நடந்து, அடியில் கைவிட்டு வயரைப் பிய்த்தெறிந்தேன். முதலில் அவர் காரைப் பின்னால் எடுத்தார். பிறகு நான் எடுத்தேன். இருவரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் மரத்தை வெட்டி ஒரு வண்டி போக வழி விட்டிருந்தார்கள்.

"பாளையங்கோட்டைக்குத்தான் போறேன். நீங்க முன்னால போங்கண்ணாச்சி, நான் பின்னாலயே வந்திருதேன்" என்றார்.

ஓடையை விட அந்தப் பேச்சுதான் என்னை நடுங்க வைத்தது. "வேண்டாம்மா. நீங்க முன்னால பைய போங்க. நான் ஆழ்வார்திருநகரிக்குப் போறவன், பாளையங்கோட்டை வரைக்கும் துணைக்கு வாரேன்."

மேலப்பாளையத்தில் மழை விட்டது. தினமும் ஓட்டப்போகிற வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று பதினான்கு மாதம் யோசித்தவன், பின்னால் வருகிறவர்களை ஒரு நாளும் யோசிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. முன்னால் அவருடைய இரண்டு சிவப்பு விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. பத்திரமாகப் போகட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

3.35. கார் நின்றது. நானும் நிறுத்தினேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"ஆழ்வார்திருநகரிக்குன்னா திருச்செந்தூர் ரோட்டுலல்லா அண்ணாச்சி திரும்பியிருக்கணும்?"

சுற்றிலும் பார்த்தேன். முட்டுச்சந்து. லாரியின் மூக்கு அவர் வீட்டு கேட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. எந்த இடத்தில் ஊருக்குள் நுழைந்தேன், எத்தனை முறை திரும்பினேன், எனக்கு ஒன்றுமே நினைவில்லை.