மச்சான் மடித்த காமிக்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை என் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் வேட்டித் துணியில் சுற்றிய கட்டுகள்; ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

உள்ளே என் காமிக்ஸ் புத்தகங்கள். எல்லாம் இருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால், ஒரு புத்தகத்துக்கும் அட்டையைக் காணோம்!

இருங்கள்... கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

என் காமிக்ஸ் கிறுக்கு வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட நாளில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, பாக்கெட் சைஸ் புத்தகம்... பன்னுக்குக் கொடுத்த காசில் பன் தின்னாமல் வாங்க ஆரம்பித்தது. எனக்குக் கல்யாணம் ஆகி, பையன் பிறந்து, அவனுக்கும் கல்யாணம் ஆகி, என் தலையில் முடி கொட்டி — அவை மட்டும் அன்றைக்கு வாங்கிய மாதிரியே இருந்தன. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அவைதான். மேல் தட்டுகள் எல்லாம் என் மனைவி சுமதியின் பட்டுப்புடவைகள். காஞ்சிபுரத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு பீரோவில் கீழ்த்தட்டு கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? சண்டை போட்டு வாங்கிய தட்டு அது.

சரி, எனக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு? கொஞ்ச நாளாக இந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. வேறு யாருக்கு... பையனுக்குத்தான். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பத்து நாள் அவன் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் சுமதியும் கிளம்பினோம். சாம்பிளுக்கு ஒரு கட்டு காமிக்ஸும் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் பார்த்தால், கீழ்த்தட்டில் பூச்சி! வெள்ளி மாதிரி மினுமினுத்துக்கொண்டு ஓடுமே, அந்தச் சனியன்தான். மச்சானைக் கூப்பிட்டேன்.

மச்சான் என்றால் சுமதியின் அண்ணன். எங்கள் ஊரிலேயே பிள்ளையார்பாளையத்துக்காரர். வாழ்நாள் முழுக்கப் பட்டுக்கடையில் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து புடவை பிரித்துக் காட்டிவிட்டு, இப்போது ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார். ஒரு கல்யாணக் கோஷ்டி மலை மாதிரி கலைத்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை, அரசியல் பேசிக்கொண்டே மடித்துவிடுவார். கையைப் பார்க்கவே மாட்டார். கடைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் அவர் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்றுதான்.

“பட்டை ஒரே மடிப்புல வெக்கக் கூடாதும்மா. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்தி மடிக்கணும். இல்லாட்டி மடிப்பு வுழுந்த எடத்துல ஜரிகை வுட்டுப்பூடும்.”

எங்கள் ஊரில் இது பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

“பூச்சி வந்திருக்குது மச்சான். நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சாவியைக் கொடுத்தேன்.

“நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க மாப்ளே. எத்தினி கல்யாணச் சரக்கைப் பாத்துக்கினவன் நானு!”

பெங்களூரில் மூன்றாவது நாள், பையன் லேப்டாப்பை மூடின நேரமாகப் பார்த்து, கட்டைப் பிரித்து அவன் முன்னால் பரப்பினேன்.

“சூப்பர்ப்பா” என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது. “எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கிளவுட்ல ஏத்திடலாம். அப்புறம் புக்கை எடைக்குப் போட்டுடுங்க.”

எடைக்கு! பெற்ற பிள்ளை வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது? மருமகள் பாவம், நல்ல பெண். “நாலு பேஜ் கட் பண்ணி ஃபிரேம் போடலாம் மாமா, ஹால்ல வின்டேஜா இருக்கும்” என்று சமாதானம் செய்தாள். கட் பண்ணுவதா? கட்டை எடுத்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே முடிவு செய்தேன். சென்னையில் ஒருவர் இருக்கிறார். பழைய காமிக்ஸ் சேர்ப்பவர். ‘எப்ப மனசு மாறினாலும் எனக்கு ஒரு போன் போடுங்க சார்’ என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர். போன் போட்டேன். நல்ல கைக்காவது போய்ச் சேரட்டும்... ‘வீட்டுக்குப் போனதும் போட்டோ அனுப்புங்க சார்’ என்றார் ஆவலாக.

வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறந்தேன். அங்கேதான் கதையை ஆரம்பித்தேன் இல்லையா?

மச்சான் என்ன செய்திருக்கிறார் என்றால் — முதலில் புத்தகங்களை எல்லாம் வெளியே எடுத்து நிழலில் ஆறப் போட்டிருக்கிறார். சரி. வேப்பிலையும் வசம்பும் சின்னத் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்று வைத்திருக்கிறார். சபாஷ். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுக் கட்டாகச் சுற்றியிருக்கிறார். ரொம்ப சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? ஆனால் அவர் கண்ணில் ஒன்று பட்டுவிட்டது. இத்தனை புத்தகமும் இத்தனை வருடமாக ஒரே மடிப்பில் கிடக்கின்றன! மனுஷனுக்குப் பொறுக்குமா?

மாற்றி மடித்துவிட்டார்.

ஆமாம். ஒவ்வொரு புத்தகத்தையும் நட்டநடுவில் பிரித்து, அப்படியே பின்பக்கமாகத் திருப்பி, அழுத்தி நீவி... அட்டை உள்ளே போய்விட்டது. நடுப்பக்கம் வெளியே வந்துவிட்டது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னெல்லாம் தெறித்துவிட்டது. அது போனால் போகட்டும் என்று பட்டு நூலில் தைத்து வேறு வைத்திருக்கிறார். அரக்குக் கலரில்!

போட்டோ எடுத்துச் சென்னைக்காரருக்கு அனுப்பினேன். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழுகிற பொம்மை வந்தது. அதற்குக் கீழே, ‘கண்டிஷன் போயிடுச்சே சார்.’

பையனுக்கு வேண்டாம். வாங்குகிறவருக்கும் வேண்டாம். நாளைக்கு நான் கண்ணை மூடினால் என் காமிக்ஸ் நேராகப் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொண்டு கத்தினேன். மச்சான் எதிரில் இல்லாததால் சுமதியிடம்தான்.

அவள் சும்மா இருப்பாளா? “எங்க அண்ணா உக்காந்த எடத்துல உக்காந்து அத்தனையும் மடிச்சிருக்குது. ஒரு வாய் காபி குடுக்கக்கூட வீட்ல ஆளில்ல. ஒரு தேங்க்ஸ் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?”

“புக்கைப் பூரா நாசம் பண்ணினதுக்குத் தேங்க்ஸா?”

“என் கூரைப்புடவை இன்னிக்கும் புதுசா இருக்குதுன்னா அது யாராலயாம்?”

நான் பீரோவைச் சாத்தினேன். மச்சான் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். முகம் ஒரு மாதிரி வாடியிருந்தது. சரி, தப்பு தெரிந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

“ஒண்ணு கேக்கணும் மாப்ளே. தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“அந்தக் கயித்துப் பாலத்துல ஒருத்தன் தொங்கிக்கினு இருக்கிறானே... கீழ முதலை வாயைப் பொளந்துக்கினு நிக்குது... அவன் வுழுந்துட்டானா?”

“எந்தப் பாலம்?”

“நடுப்பக்கத்துலபா! எந்த புக்கை எடுத்தாலும் நடுப்பக்கத்துல எவனாச்சும் மாட்டிக்கினு கெடக்கிறான். ஒருத்தனைப் பொட்டில போட்டு ஆணி அடிக்கிறாங்க. ஒருத்தன் குதிரையோட பள்ளத்துல போறான். அதெல்லாம்கூடத் தேவலை. இந்தப் பாலத்துக்காரன் சின்னப் பையன் மாப்ளே. மனசு கேக்கல. சோறு எறங்கல.”

“அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாமே மச்சான்?”

என்னை ஒரு பார்வை பார்த்தார். “மடிச்சதைப் போய் யாராச்சும் பிரிப்பாங்களா? மடிப்பு கலைஞ்சிடும்ல?”

கேட்க நினைத்த நாலு கேள்வியும் மறந்தே போயின. அந்தப் பாலத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் காமிக்ஸ் படிக்கிறவன் கதையின் முடிவைச் சொல்வானா? பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். திருப்பி மடித்து, அட்டையை வெளியே கொண்டுவந்து, அவர் கையில் கொடுத்தேன்.

மச்சான் வாங்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் ஈரம் போகத் துடைத்து, ஹாலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கையை நீட்டினார். அட்டையை இரண்டு விரலால் திறந்தார். என் பையன்கூட அப்படித் திறந்ததில்லை.

காபி ஆறிப்போனது. சுமதி டிபன் சாப்பிடக் கூப்பிட்டாள், காதில் விழவில்லை. உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று தொடையில் ஓங்கி ஓர் அடி.

“பொழைச்சுட்டாம்மா சுமதி! பொழைச்சுட்டான்!”

சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். “யாருண்ணா? ஆஸ்பத்திரில இருக்குதே, நம்ம வாலாஜாபாத் சித்தப்பாவா?”

அன்றிலிருந்து தினமும் வருகிறார். ஒரு நாளைக்கு ஒரு புத்தகம்தான். முடித்ததும் அட்டை மேலே வருகிற மாதிரி ஒழுங்காக மடித்து, வேட்டித் துணியில் சுற்றி, அதே இடத்தில் வைத்துவிட்டு, “நாளைக்கு யாரு தொங்கறான்?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். பெட்டிக்குள் போட்டு ஆணி அடிக்கப்பட்டவன் நேற்றுதான் வெளியே வந்தான்.

வாரிசு என்றால் வயதில் சின்னவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். “எனக்கு அப்புறம் இதெல்லாம் உங்களுக்குத்தான் மச்சான்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் கணக்கு உறைத்திருக்கிறது. “நான் உங்களவிட பெரியவன் ஆச்சே மாப்ளே. எனக்கு அப்பறம் யாருக்குத் தர்றது?”

“எனக்குத்தான்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அப்ப சரி” என்றார்.

ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன்: மூணு மாசம் கழித்து மறுபடியும் மாற்றி மடிக்கக் கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்!