மீட்டர் அலறிய ஒத்திகை

அவளுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. அவசரப் பிரிவு நர்ஸான அவளுக்கு நாற்காலி என்பது கையுறைப் பெட்டி வைக்கிற இடம், அவ்வளவுதான். சாப்பிடுவது நின்றுகொண்டே, போன் பேசுவது நடந்துகொண்டே. ஆஸ்பத்திரி முழுக்க அவள் பெயர் 'பரபரப்பு சிஸ்டர்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் தலையில் ஒரு பாடத்தைக் கட்டினார்கள். ஊருக்கு வெளியே கதிர்வீச்சுப் பொருள்களை வைத்து வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்திருந்தது. அங்கே விபத்து நடந்தால் அடிபட்டவர்கள் இங்கேதான் வருவார்கள். அதற்கு நர்ஸ்களைத் தயார் செய்ய வேண்டும். ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பாவத்துக்கு அவள் மாட்டிக்கொண்டாள்.

பாடம் என்னவோ எளிமைதான். முதலில் உயிர்: மூச்சு, நாடி, ரத்தப்போக்கு. பிறகு உடுப்பைக் கழற்று, பெரும்பாலான கதிர்வீச்சுத் தூசி அதோடு போய்விடும். மீட்டரால் கதிர்வீச்சை அளப்பதெல்லாம் உயிர் தப்பிய பிறகு. முகமூடியும் கையுறையும் போட்ட நர்ஸை அந்தத் தூசி விழுங்கிவிடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். நம்பினார்களா? அந்தச் சந்தேகம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. நிஜமாகவே ஒருவன் வரும்போது எல்லோரும் ஒதுங்கி நின்றுவிட்டால் அவன் கதி என்ன?

"ஏம்மா, தூக்கத்துல 'சட்டையைக் கழட்டு, சட்டையைக் கழட்டு'ன்னு கத்துற," என்றார் கணவர். "பக்கத்து வீட்டுல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும். உங்களுக்கு எல்லாமே கிண்டலா இருக்கு!" என்று பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

விபத்து ஒத்திகைக்கு நோயாளியாகப் படுக்க கேன்டீன் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். கால் உடைந்த தொழிலாளி வேஷம். மேலெல்லாம் தூசிக்குப் பதில் மாவைத் தூவி ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒத்திகையில் நிஜக் கதிர்வீச்சு ஏது? மீட்டர் சத்தத்தை ஒரு நர்ஸ் வாயாலேயே போடுவாள், எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அவள் வாயைத் திறப்பதற்குள், பரபரப்பு சிஸ்டர் கையிலிருந்த மீட்டர் தானாகவே அலறியது.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் நர்ஸ்கள் அத்தனை பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். நம்ம சிஸ்டர்? அவளும்தான். இத்தனை வகுப்பு எடுத்தவள் ஓரடி பின்னால் வைத்தாள்.

ஸ்ட்ரெச்சரில் மாஸ்டர் முனகினார். முகமெல்லாம் வியர்வை, மாவு வழிந்துகொண்டிருந்தது.

"என்னமா நடிக்கிறார் பாரு!" என்றது சுவர்ப்பக்கம் ஒரு குரல்.

மாஸ்டரின் கை நெஞ்சைப் பிடித்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். காலுக்குத்தானே நடிக்கச் சொன்னோம்!

மீட்டரைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தாள். கழுத்தில் விரல் வைப்பதற்குள் அவர் கண் செருகிவிட்டது. நாடி இல்லை.

"நடிப்பு இல்லடி, நிஜம்! வாங்கடி!"

யாரும் அசையவில்லை. மீட்டர் தரையில் கிடந்தும் அலறிக்கொண்டிருந்தது. அவள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அடிப்பாவிகளா, ஒருத்தியால ஆகாதுடி!"

வாயால் சத்தம் போடும் அந்த நர்ஸ்தான் முதலில் ஓடிவந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். நெஞ்சில் கொடுத்த இரண்டாவது ஷாக்கில் மாஸ்டரின் இதயம் திரும்பியது.

விஷயம் மறுநாள் தெரிந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று, மனைவியிடம்கூடச் சொல்லாமல், அன்று காலையில்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேன் எடுத்திருக்கிறார். அதற்குப் போட்ட ஊசி மருந்தின் கதிர்வீச்சுதான் மீட்டரை அலறவிட்டது. ஒத்திகைக்குப் படுக்க வந்தவரிடம் ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"அது தெரிஞ்சிருந்தா நாங்க ஒதுங்கியே இருக்க மாட்டோம்," என்றார்கள் நர்ஸ்கள்.

"நிஜ விபத்துல வர்றவங்களும் என்ன ஏதுன்னு தெரியாமதானேடி வருவாங்க," என்றாள் அவள்.

வார்டில் மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் சிஸ்டர். நீங்க எல்லாரும் தள்ளிப் போனீங்களே, அப்பதான் செத்துட்டேன்னு நினைச்சேன்."



அடுத்த வகுப்பில் பாடமே எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் தானே ஏறிப் படுத்தாள். "எல்லாரும் சுவரோரம் போங்க. நான் கூப்பிட்டாலும் வராதீங்க. அப்புறம் ஒவ்வொருத்தியா இங்க படுக்கணும்."

போனார்கள். மேலே விளக்கு, சுற்றிலும் யாருமில்லை. கால் பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். தெரிந்த முகங்கள், தினமும் கூடச் சாப்பிடுகிறவர்கள், தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுதான் என்று தெரிந்தும் அவர்களை நோக்கிக் கையை நீட்டினாள்.

"போதும்," என்றாள். "யாராவது வாங்கடி."

அவள் முதலில் சொன்ன சொல்லைத் தட்டாமல் அவர்கள் அங்கேயே நின்றார்கள்.