குழாய் தேர்ந்தெடுத்த மெஷின்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் குழாய். சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டது யார் என்று அவளுக்கே நினைவில்லை. கல்யாணம் ஆகாமல் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்த புதிதில், எப்போது பார்த்தாலும் பாத்திரத் தொட்டியடியிலேயே நிற்கிறாள் என்று அத்தான் வைத்த பெயர் அது. "கையால திருக வேண்டாம், குரல் கொடுத்தாப் போதும், இந்தக் குழாய் திறந்துக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "சும்மா இருங்க" என்று தொடக்கத்தில் அக்கா அதட்டினாள். பிறகு அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

குழாய்க்குப் படுக்கை ஸ்டோர் ரூமில். ஒரு பக்கம் காலி சிலிண்டர், மறுபக்கம் சக்கரம் கழன்ற பெட்டிகள். காலை நீட்டினால் கதவில் இடிக்கும். இருந்தாலும் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போட்டுக்கொண்டால் அது அவள் அறை.

சமையலறையைப் புதுசாக்கியபோது முதலில் விழுந்தது அந்த அறையின் சுவர்தான். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு இடம் வேண்டும் என்றார் தச்சர். குழாயின் பாய் ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

"நான் எங்கக்கா படுக்கிறது?" என்று கேட்டதற்கு அத்தான் பதில் சொன்னார்.

"என் ஃப்ரெண்டு மெஸ் நடத்துறான். பாத்திரத்துக்கு ஆள் தேடிட்டு இருக்கான், தங்கவும் இடம் குடுப்பான். மெஷின் வரட்டும், ஒரு மாசம் பார்ப்போம். ஒழுங்கா ஓடுச்சுன்னா நீ கிளம்பு. மக்கர் பண்ணுச்சுன்னா இங்கயே இரு. நியாயம்தானே?"

"நியாயந்தான் அத்தான்."

அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

எந்த மெஷின் வாங்குவது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று பிடித்திருந்தது. பார்க்க லாரி மாதிரி இருக்கிறது என்று அக்கா முகம் சுளித்தாள். அவள் மனசு வெள்ளையில் இருந்தது. சண்டை நீண்டுகொண்டே போக, அத்தானுக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. "குழாயே சொல்லட்டும்டி. தன் வாரிசைத் தானே தேர்ந்தெடுக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?"

அக்காவுக்குச் சிரித்துப் புரையேறியது. குழாய்தான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

மறுநாள் தெருமுனை மெக்கானிக்கிடம் போய் நின்றாள். அவர் ஒரு துணி துவைக்கும் மெஷினின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்தார்.

"சாம்பல் கலர வாங்கச் சொல்லும்மா. எதைப் போட்டாலும் முழுங்கிடும், ஏப்பம்கூட விடாது. வெள்ளை இருக்கே, அது சீக்குக்காரி. அடியில இருக்கிற சல்லடை அவ்வளவு பொடிசு. நாலு பருக்கை அடைச்சுதுன்னா மூச்சு முட்டி நின்னுடும்."

"நல்லா விசாரிச்சேன். வெள்ளைதான் கெடவே கெடாதாம்" என்று வீட்டில் வந்து சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி அந்த வீட்டில் நடந்த முதல் காரியம் அது.

வெள்ளை மெஷின் வந்தது, அவள் தலைவைத்துப் படுத்த இடத்திலேயே உட்கார்ந்தது.

முதல் நாள் அத்தானின் தட்டை எடுத்தாள். சப்பிப் போட்ட எலும்பு, உறைந்த கொழுப்பு, ஓரமெல்லாம் பருக்கை. அப்படியே உள்ளே வைத்தால் போதும், சல்லடை அடைத்துக்கொள்ளும். மெஷினின் கதவைத் திறந்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவள் கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது. எலும்பைத் தள்ளி, கொழுப்பைத் தேய்த்து, பருக்கைகளை வழித்துப் போட்டுவிட்டுத்தான் தட்டை உள்ளே வைக்க முடிந்தது. இதைக் கழுவுவது என்று அவள் நினைக்கவில்லை. லேசாக ஓர் அலசு, அவ்வளவுதான். நாளைக்கு அழுக்கோடு போட்டுவிட வேண்டும்.

மறுநாளும் அலசினாள். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எச்சில் தட்டுகளை அப்படியே அடுக்கிக் கதவையும் மூடிவிட்டாள். பொத்தான் வரை போன விரல் திரும்பக் கதவுக்கே வந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேய்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கை அவள் பேச்சைக் கேட்கிற வயதைத் தாண்டிவிட்டிருந்தது.

சீக்குக்காரி குதிரை மாதிரி ஓடினாள். விருந்தாளிகள் முன்னால் அக்கா தட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக் கீச்சென்று சத்தம் வரவைத்துக் காட்டினாள்.

"கேட்டீங்களா சத்தத்தை? இவ கழுவி ஒரு நாளாவது இப்படி வந்திருக்குமா?"

தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற குழாய்க்கு, வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாசம் முடிந்தது. அத்தான் வாக்குத் தவறாதவர். ஆட்டோவை அவரே கூப்பிட்டு வந்தார்.

மெஸ்ஸில் அண்டாக்கள். பாதி உடம்பை உள்ளே விட்டுத்தான் அடியைத் தேய்க்க முடியும். போய் ஒரு வாரம் ஆகியிருக்காது, அண்டாவுக்குள் குனிந்திருந்தபோது மெஸ்காரர் தன் போனை நீட்டினார். "உன் அக்கா."

"ஏய் குழாய், என்னடி பண்ணிட்டுப் போன? மெஷின் நின்னுபோச்சு. வீடெல்லாம் தண்ணி!"

குழாய் அண்டாவை விட்டு நிமிர்ந்தாள். "அப்ப நான் வந்துடட்டுமாக்கா? மக்கர் பண்ணா இங்கயே இருன்னு அத்தான் சொன்னாரே."

"எங்க வருவ? உன் இடத்துலதான் அது உட்கார்ந்திருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ இருந்தப்ப ஓடுச்சு, போனதும் எப்படி நிக்கும்?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "நான் எல்லாத்தையும் கழுவித்தாங்கா உள்ள வெச்சேன். ஒரு பருக்கைகூட அது பார்த்ததில்ல."

அந்தப் பக்கம் அக்கா கூவினாள்: "என்னங்க, கேட்டீங்களா, இவ கழுவிட்டுத்தான் கழுவப் போட்டாளாம்!" அத்தான் சிரித்தார். அக்கா சிரித்தாள். யாரோ விருந்தாளியும் இருந்திருக்க வேண்டும், தெரியாத குரல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. சிரிப்பு அடங்கியதும் அத்தான் போனை வாங்கினார்.

"அதான் விஷயம். சோறே காட்டாம வளர்த்திருக்க, திடீர்னு பார்த்ததும் செரிக்காமப் போயிடுச்சு. கெடுத்தது நீதான். போகட்டும், சாம்பல் கலர் நாளைக்கு வருது. இந்தத் தடவை நாங்களே பார்த்துக்கிட்டோம்."

இணைப்பு அறுந்தது.

"வீட்டுக்குக் கூப்பிடறாங்களா?" என்று கேட்டார் மெஸ்காரர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டையில் துடைத்தார். "ஈரக் கையோடயா புடிப்ப? கெட்டுப்போச்சுன்னா நீயா வாங்கித் தருவ?"

அவள் அண்டாவுக்குள் குனிந்தாள்.