அத்தையின் ஆடுகளும் மாமாவின் கருமணலும்

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய வருஷங்களில் நாங்கள் சேலத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். வந்த வரன்களையெல்லாம், ஒருவர் சத்தமாகத் தும்முகிறார், ஒருவர் காபியை உறிஞ்சுகிறார் என்று தட்டிக் கழித்துவிடுவாள். களிமண்ணிடம் மட்டும் அவளுக்குப் பொறுமை உண்டு.

அந்த வருஷம் மாதா கோயில் கிறிஸ்மஸ் குடிலுக்கு ஆடுகள் செய்து தருவதாகச் சாமியாரிடம் அவளாகவே போய் ஒப்புக்கொண்டு வந்தாள். ஒரு மந்தையே பிடித்தாள். வேலமுள்ளால் ஒவ்வொன்றின் உடம்பிலும் சுருள்சுருளாக ரோமம் கீறினாள். அம்மாவின் தம்பியான மாமாவுக்குக் கஞ்சமலைப் பக்கம் ஓட்டுச் சூளையில் வேலை. அவர்தான் ஆடுகளை வைக்கோலில் பொதிந்து எடுத்துப்போய்ச் சுட்டுக் கொண்டுவந்தார்.

ஆடுகள் செக்கச்செவேலென்று வந்தன. ஆனால் கண்ணருகில் வைத்துப் பார்த்தால்தான் ரோமம் தெரிந்தது. இரண்டடி தள்ளி நின்றால் வெறும் மொழுக்கட்டை. பார்க்க வந்த கோயில் உபதேசியார் கூடையை எட்டிப் பார்த்து, "என்னம்மா, சர்க்கரவள்ளிக் கெழங்கா?" என்று கேட்டுவிட்டார். அத்தை அன்று சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா ஒரு துணிமூட்டையில் ஓடை மணலோடு வந்தார். கஞ்சமலையில் மழை பெய்தால் ஓடையில் கறுப்பாகப் படியும் இரும்பு மணல் அது. அதைக் கொட்டாங்கச்சியில் அள்ளிக் கழுவுவது என் வேலை. லேசான மணல் தண்ணீரோடு போய்விடும், கறுப்பு அடியில் தங்கும். மாமா அதை அம்மியில் மைபோல அரைத்தார். "நாளைக்கு இதுல நான் சட்னி அரைக்க வேண்டாமாடா?" என்று அம்மா கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. களிமண் கரைசலில் அதைக் குழைத்து, யாரையும் கேட்காமல் ஆடுகளின் மேல் அப்பிவிட்டார்.

அத்தை கொல்லைக்கு வந்தபோது, சிவப்பே தெரியாமல் எல்லாம் தார் உருண்டைகளாகக் கிடந்தன.

"உபதேசியார் சொன்னது போதாதுன்னு நீங்க வேற கரியப் பூசிட்டீங்களே!" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்க. பூசறது பாதி வேலைதானுங்க. தொடைக்கறதுதான் மீதி. ஓட்டு மேல முத்திரை எழுத்து தெரியறதுக்கு நான் இப்படித்தான் செய்யறது" என்றார் மாமா.

ஈரத்துணியால் ஓர் ஆட்டை மெல்லத் துடைத்தார். மேட்டில் இருந்த கறுப்பு துணியோடு வந்தது. முள் கீறிய பள்ளத்தில் இருந்தது வரவில்லை. சுருள் சுருளாக ரோமம் எழுந்து நின்றது. கண் திறந்தது. காது மடலின் மடிப்புக்கூடத் தெரிந்தது.

மாமா துணியை அலசிப் பிழிந்து அவள் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். இருவருமாக மீதி ஆடுகளைத் துடைத்தார்கள். அத்தனை நேரம் துடைக்க அவற்றில் என்ன இருந்ததென்று எனக்குப் புரியவில்லை. பசித்தது, உள்ளே போய்விட்டேன். மறுபடி சூளையில் வைத்து எடுத்தபோது கறுப்பு, கல்லில் வெட்டியதுபோல நின்றுவிட்டது. குடிலைப் பார்க்க வந்தவர்கள் குழந்தை இயேசுவை விட்டுவிட்டு ஆடுகளைப் பார்த்தார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த ஞாயிறு, பூசையில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். சாமியார் ஒரு தாளைப் பிரித்து மாமாவின் பெயரையும் அத்தையின் பெயரையும் சேர்த்து வாசித்தது காதில் விழுந்தது. ஆடுகளுக்காகத்தான் பாராட்டுகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பெயர் வரவே இல்லை. "இந்த மெய்விவாகத்திற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடவர்" என்றார்.

எழுந்து நின்று, "சாமி, மண்ணு கழுவுனது நானுங்க!" என்றேன்.

கோயில் முழுக்கச் சிரித்தது. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அழத் தொடங்கினேன். பக்கத்தில் அத்தை முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக் கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள். பாவம், அவளும் எனக்காக அழுகிறாள் என்று நினைத்து, அவளுக்காகவும் கொஞ்சம் சேர்த்து அழுதேன்.