ரதியின் நடை

பேப்பரில் நான் முதலில் படிப்பது வாசகர் கடிதங்களைத்தான். இந்த வாரம் அதில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தைப் பற்றிப் பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார்.

"ரதி வேடமிட்ட ஆணின் நடையில் பெண்மை துளியும் இல்லை."

எங்கள் கூத்தில் ரதியாக ஆடுவது எப்போதும் ஆண்தான். ஆனால் இந்த வருடம் ஆடியது நான்.

இன்று ஹட்டன் பஸ்ஸில் அந்தக் கடிதத்தை எழுதிய வாத்தியார் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்த ரதி நாந்தாங்க."

திரும்பி மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"பொம்பளையா இருந்துமா அப்படி நடந்தீங்க?"

"அஞ்சு வருஷம் கொழுந்துக் கூடையோட மல ஏறுன காலுங்க சார். வேற எப்படி நடக்கும்?"

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, குடையைக்கூட விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார்.

அவருடைய அந்த நடையைப் பற்றி நானும் பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். தலைப்புச் சொல்லுங்கள்.