எர்மினியா வைத்த கடவுச்சொல்

சுரங்க நகரமான ஒரூரோவில் எர்மினியா சோக்கேயைப் பகைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு வருஷத்துக்குள் அதற்காக வருந்தியிருக்கிறார்கள். ரோமுலோவுக்கு நாலே மாதம்தான் ஆயிற்று.

பதினோரு வருஷம் அவள் ஒரு மொரேனாடா ஆட்டக் குழுவின் செயலாளராக இருந்தாள். சந்தைக்குப் பின்னால் ஐந்து கணினிகள் வைத்த கடை அவள் பிழைப்பு. குழு வேலைக்குக் கூலி கிடையாது, அது சுரங்கத்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டது. மற்றவர்கள் ஆடி நேர்த்திக்கடன் கழித்தார்கள். முழங்கால் தேய்ந்த எர்மினியா பெயர்ப்பட்டியல் எழுதிக் கழித்தாள். இருநூறு பேரின் உடுப்பு அளவு, மின்னஞ்சல் பெட்டி, கார்னிவல் ஊர்வலச் சங்கத்தின் இணையப் பதிவு, எல்லாவற்றின் கடவுச்சொல்லும் குழுவின் பழைய கணினியில், இணைய உலாவிக்குள் இருந்தன.

துணி வியாபாரி ரோமுலோ தலைவரானதும் முதல் கூட்டத்திலேயே தன் மருமகன் எட்சனைச் செயலாளராக்கினான். எர்மினியா எழுந்து காரணம் கேட்டாள்.

"பொத்தான் தட்டுற வேலைதானே? விரல் இருக்கிற எவனும் தட்டுவான். நீ போய் கடையைப் பாரு," என்றான் ரோமுலோ.

கூட்டம் சிரித்தது. உடுப்பு அளவு தப்பாகக் கொடுத்துவிட்டு, அவள் வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்சியவர்களும் சிரித்தார்கள். அதுதான் அவளுக்கு எரிந்தது. அவள் அழவில்லை. கறுவினாள். காலையில் ஊதாச்சோளக் கஞ்சி குடிக்கும்போதுகூடக் கறுவினாள்.

நவம்பர் மாதத்து முதல் வெள்ளியன்று ரோமுலோ புது அலுவலகத்தில் பூமித்தாய்க்குப் படையல் போட்டான். ஊர் வழக்கப்படி கதவு, மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் பீர் தெளித்தான். அதோடு நின்றிருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த குழுவின் பழைய கணினிக்கும் காகிதத் தோரணம் சுற்றி, அதன் தலையில் தாராளமாக ஊற்றினான். படீரென்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் அணைந்தது.

எட்சன் பெட்டியைக் காயவைத்து எப்படியோ மறுபடி ஓட வைத்தான். உலாவி மட்டும் திறக்கவில்லை. அது தகவலைச் சேமித்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனதால் அதன் சுயவிவரம், அதாவது அது எல்லாவற்றையும் போட்டு வைக்கும் உறை, சிதைந்திருந்தது. புதிதாக ஒரு சுயவிவரம் உண்டாக்கி, பழையதிலிருந்து கடவுச்சொல் கோப்பை அதில் போட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. சங்கத்தின் கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால், அதற்கான கடிதம் வரும் மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லும் அதற்குள்தான் மாட்டியிருந்தது. திங்கள் மாலை ஆறு மணிக்குப் பதிவு முடிகிறது. தவறினால் அந்த வருஷம் ஊர்வலத்தில் குழு கிடையாது.

திங்கள் சாயங்காலம் நாலரை மணிக்கு மாமனும் மருமகனும் பெட்டியோடு அவள் கடைக்கு வந்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட ஆட்டக்காரர்கள் பின்னாலேயே வந்து வாசலை அடைத்தார்கள்.

"எர்மினியாக்கா, கொஞ்சம் பாருங்களேன்," என்றான் எட்சன்.

"உனக்குத்தான் விரல் பத்து இருக்கே தம்பி."

"பழசைக் கிளறாதே," என்றான் ரோமுலோ. "ஆறு மணிக்கு மூடிருவாங்க."

"கூட்டத்துல சொன்னதுக்கு இவங்க முன்னாடி மன்னிப்புக் கேளுங்க. பார்க்கிறேன்."

"அது என் வாயால வராது. மாதாவுக்கு நேர்ந்த வேலை. மாட்டேன்னு சொல்லிப் பாரேன்."

பாவி, சரியான இடத்தில் அடித்தான். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. குழு நின்றால் இருநூறு பேரின் நேர்ச்சை நிற்கும்.

"சரி, வாயால வேணாம்," என்றாள். "பெட்டியை வைங்க."

முதலில் பழைய சுயவிவரத்தின் உறையை முழுசாக நகலெடுத்து வைத்தாள். அதில் கடவுச்சொல் கோப்புக்குப் பக்கத்திலேயே அதைத் திறக்கும் சாவிக் கோப்பும் இருந்தது. எட்சன் பெட்டகத்தைத் தூக்கிவிட்டுச் சாவியை விட்டுவிட்டான். இரண்டையும் சேர்த்துப் புதியதில் வைத்தாள். கால் மணி நேரத்தில் நாற்பத்தொரு கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. வாசலில் யாரோ மாதாவுக்கு நன்றி சொன்னார்கள்.

எர்மினியா அதோடு விடவில்லை. இன்னும் ஏதோ தட்டிவிட்டு, உலாவியை மூடி, விசைப்பலகையை ரோமுலோவின் பக்கம் தள்ளினாள்.

"எல்லாத்துக்கும் மேல ஒரு தலைமைக் கடவுச்சொல் போட்டிருக்கேன். பாதுகாப்புக்கு. அதைத் தட்டினாத்தான் மத்தது திறக்கும்."

"என்ன அது?"

அவள் வாசல்வரை கேட்கிற மாதிரி சொன்னாள். "எர்மினியாவை அவமானப்படுத்தினது என் தவறு."

ரோமுலோவின் முகம் செத்துப்போயிற்று. எட்சன் அவன் காதருகே குனிந்தான். "அப்புறம் மாத்திக்கலாம் மாமா."

"தாராளமா மாத்திக்கலாம்," என்றாள் எர்மினியா. "மாத்துறதுக்கும் முதல்ல இதைத் தட்டணும். விரல் இருக்குல்ல தலைவரே?"

மணி ஐந்தே கால். ரோமுலோ ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். தோளுக்குப் பின்னால் நின்றவர்கள் கூடவே எழுத்துக்கூட்டினார்கள். திரை ஏற்கவில்லை.

"கடைசி வார்த்தையை விட்டுட்டீங்க," என்றாள் எர்மினியா. "தவறு. மறுபடி முதல்லேருந்து தட்டுங்க."