பேனாவுக்கு எண்ணெய்க் குளியல்

மாமாவின் முகத்தில் அம்மைத் தழும்புகள். அவருடைய பேனாவில் கீறல்கள். முகத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், அன்று வீடே பேனாவின் மேல் பாய்ந்தது.

மறுநாள் சமயநல்லூருக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு வீடுகளில் மாமாவைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. இந்தப் பெண் எட்டாவது படித்தவள். அப்போதெல்லாம் பேனா வைத்திருப்பவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். சட்டைப்பையில் பேனா மின்னினால் கண் முகத்துக்கு ஏறாது என்பது அம்மாவின் நம்பிக்கை. அம்மாவின் தம்பியான மாமா செல்லூர் நூல்கடையில் கணக்கெழுதினார். கெட்டி ரப்பரில் கடைந்த அவருடைய கறுப்புப் பேனா சாவிக்கொத்தோடு ஒரே பையில் குடியிருந்து உடம்பெல்லாம் கீறிக்கிடந்தது.

திருநீற்றைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, வெள்ளிக் குங்குமச்சிமிழைத் துலக்குவதுபோல மாமா தேய்த்தார், அம்மா தேய்த்தாள், நானும் தேய்த்தேன். கீறல்கள் வெயில் பட்ட ஈரமாய் மறைந்தன. அதோடு விட்டிருக்கலாம்.

"எண்ணெ தேச்சுட்டு வெந்நி ஊத்தாம விடுறதா?" என்றாள் அம்மா. கொதிக்கக் கொதிக்க ஒரு செம்பு ஊற்றினாள். சீயக்காயும் போட்டாள். குப்பென்று கந்தக நாற்றம். கறுப்பு எங்கள் கண்ணெதிரிலேயே காய்ந்த சாணி நிறமானது.

"அக்கா, கொன்னுட்டியே!"

"கத்தாதடா. மை இருக்குல்ல."

எனக்கு இடும் கண்மை மொத்தமும் பேனாவுக்குப் போயிற்று.

சமயநல்லூரில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, பெண்ணின் அப்பா, "ஒங்க வெலாசத்த எழுதிக் குடுங்க தம்பி," என்று தாளை நீட்டும் வரை. மாமா பேனாவை எடுத்தார். விரல் கறுத்தது. தாளும் கறுத்தது. வேர்த்துக் கொட்ட, அதே கையால் நெற்றியைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார். தழும்புப் பள்ளங்களிலெல்லாம் மை இறங்கியது. இனி அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க ஒருவராலும் முடியாது.

அடுப்படியிலிருந்து ஒரு கை என்னை உள்ளே இழுத்தது. பெண்தான்.

"ஒங்க மாமா மூஞ்சியில என்னடி அது?"

"கண்மை. பேனாவுக்குப் போட்டது," என்று ஆரம்பித்துத் திருநீறு, எண்ணெய், வெந்நீர் எல்லாம் சொன்னேன். மூச்சுவிடக் கூடாதென்று அம்மா மிரட்டியிருந்த அந்த இரண்டு வீடுகளையும் சொன்னேன்.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அம்புட்டுப் பயந்துக்கிட்டா வந்தாரு?"

"ஆமா. வழியெல்லாம் சாமி கும்பிட்டுக்கிட்டே வந்தாரு."

ஒரு துணியில் எண்ணெய் தொட்டு என் கையில் திணித்தாள். "தண்ணியில போகாது. இத வச்சுத் தொடைக்கச் சொல்லு." திணித்த கை சில்லிட்டிருந்தது, நடுங்கிக்கொண்டும் இருந்தது.

கிளம்பும்போது அவளுடைய அப்பாவும் சொல்லி அனுப்புகிறோம் என்றார். திரும்பும் மாட்டுவண்டியில் அம்மா அழுதாள். மாமா எண்ணெய்த் துணியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"துணி குடுத்த அந்த அக்காவுக்குக் குளிர்சுரம் மாமா," என்றேன். "கையெல்லாம் சில்லுன்னு நடுங்குது."

மாமா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் சிரிக்கிற ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவள் எங்கள் வீட்டுக்கு அத்தையாக வந்த பிறகும், நெடுநாள் வரை, அவளைக் கடந்து போகும்போதெல்லாம் சுரம் இருக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.